ஏழாவது உருப்படி

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டவை மூன்று படிகள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டதால் எங்கள் பேருந்தும் நின்றது. கடல் உள்வாங்கியிருந்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு அப்பால், ஈர மணலில், சிவப்புச் சிமெண்டு பூசிய மூன்று படிகள். மேலே வீடு இல்லை. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். டீசல் புகை அடங்கியதும் கருவாட்டு வாசனை வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் கருவாடு காயவைக்க இப்போது மணலே கிடையாது.

அவை ஸ்டெல்லா வீட்டுப் படிகள்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் குப்பத்தில் பாதி வீடுகளை ஒரே கொத்தனார்தான் கட்டினார். பத்திரிகையில் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். உறுதியில்லாததை எழுதக் கூடாது. ஆனால் சுனாமிக்கு முந்தைய சில வருஷங்கள், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, அதேபோன்ற மூன்று படிகளில் ஏறிப் போய் நான் அரக்கர்களை வெட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லாவின் அப்பா உயிரோடு இருந்தவரை கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றியவர். மாலுமிகள் விட்டுப்போகும் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றில் ஒன்று, அட்டை போன ஓர் ஆங்கில விளையாட்டுப் புத்தகம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். குகை, அரக்கன், மழை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அப்படியொரு பகடைக்கு நாங்கள் எங்கே போவது? மாதா கோயில் திருவிழாவில் ஹவுசி ஆட்டத்துக்கு எண் எடுக்கும் மரக்காய்களில் ஒன்று முதல் இருபது வரை எடுத்து, பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம்.

கதை சொன்னவள் ஸ்டெல்லா. துறைமுகத்துப் பக்கம், கப்பல் சரக்கை வெளியே எடுத்துத்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். வீரர்களில் ஒருவன் டில்லி. வியாசர்பாடிக்காரன், எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக் காண்ட்ராக்டரிடம் வெல்டர். பொசுங்கிய துணி வாசனையோடுதான் உள்ளே வருவான். மூன்றாவது ஆள் நான், டில்லிக்கு 'மாமு'.

புத்தகத்தில் ஒரே குறை: மந்திர வாளும் மந்திரக் கவசமும் யாருக்கு எப்போது தரலாம் என்று சொல்லும் பக்கங்களை எலி தின்றிருந்தது. அதனால் ஸ்டெல்லா தன் மனசுக்குத் தோன்றியபடி கொடுத்தாள். இரண்டாவது ஞாயிறே எனக்கு ஒரு தீ வாள். அதற்குப் பிறகு எதிரே எது வந்தாலும் இரண்டே வீச்சு. டில்லியின் வீரன் என் பின்னால் பந்தம் பிடித்துக்கொண்டு வந்தான். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தான்.

"இன்னா ஸ்டெல்லா, மாமு வெட்டுவான், நான் லைட்டு புட்ச்சிகினு நிக்கணுமா? அதுக்கு ஞாயித்துக்கெயம கூட வேலைக்கே போயிருப்பேனே."

அடுத்த வாரம் ஒரு திருடனை அனுப்பி என் வாளைத் தூக்க வைத்தாள். நான் இரண்டு ஞாயிறு போகவில்லை. இல்லாத ஒரு வாளுக்காக, என் ராயபுரத்து அறையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாள் திரும்பி வந்தது, தீ இல்லாமல். கொடுத்ததைப் பிடுங்க முடியாது, அதனால் நிதானமாகக் கொடுக்க வேண்டும் என்று அவள் அப்போதுதான் முடிவு செய்தாள்.

வழியை ஆபீஸ் வேலையிலிருந்து எடுத்தாள். பெரிய இயந்திரங்கள் ஒரே கப்பலில் வராது. பாகம் பாகமாக வரும். கடைசிப் பெட்டி வந்து சேரும்வரை யாரும் அந்தச் சரக்கை மறக்க மாட்டார்கள். டில்லிக்கு ஒரு மந்திரக் கவசம் அப்படித்தான் வந்தது. மொத்தம் ஏழு உருப்படி: கைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, முதுகு, மார்பு, தலை. நான்கைந்து மாதத்துக்கு ஒன்று. டைப்பிங்கில் வீணான படிவத்தின் பின்பக்கம் அதன் சக்தியை எழுதித் தருவாள். முதலில் வந்தது இடக்கை உறை. 'இதை அணிந்தவனைத் தீ சுடாது.'

டில்லி இரண்டு தடவை படித்தான். "காண்ட்ராக்டர்கிட்ட ஒரு தோல் கிளவுசுக்கு மாசக்கணக்கா லோல்படறேன். நீ பரவால்ல." கம்பெனி கேட் பாஸ் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதைச் செருகிக்கொண்டான். அடுத்தடுத்து வந்தவையும் அங்கேயே போயின.

வாசலில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த ஸ்டெல்லாவின் அம்மா, "இல்லாத சொக்காவுக்கு வர்சக்கணக்கா அளவு எட்த்துகினுகீறா. இவ தச்சி முடிக்கறதுக்குள்ள நீ கெய்வனாயிடுவ நைனா" என்றார்.

கடலும் நிதானமாகத்தான் வந்தது. நான் முதலில் போனபோது ஸ்டெல்லா வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஐந்து வரிசை வீடுகள். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் ஒரு வரிசை போகும். போகிறவர்கள் கதவையும் நிலையையும் பெயர்த்துக்கொண்டு போவார்கள். கதவில்லாத வாசல்களில் கடல் நின்றது. ஒரு ஞாயிறு நாங்கள் குகைக்குள் இருந்தபோது பக்கத்தில் ஒரு சுவர் விழுந்தது. டில்லி டப்பாவைக் குலுக்குவதை நிறுத்தவில்லை.

ஆறு உருப்படிகள் வந்திருந்தபோது அவனுக்கு வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அவன் வீரன் இன்னும் தலைக்கவசம் இருக்கும் மலையின் அடிவாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"தலை ஒண்ணு பாக்கி கீது. இன்னிக்கி குட்த்துரு ஸ்டெல்லா."

"நீ இன்னும் மலையே ஏறல. ரூல்னா ரூல்."

"ரூலத்தான் எலி துன்னுட்ச்சே."

"வந்து வாங்கிக்க."

"ரெண்டே வர்சம். மாமு, நீதான் சாட்சி."

அவன் போனபிறகு, ஒரு துண்டுத் தாள்தானே, கொடுத்தால் என்ன என்று கேட்டேன். ஸ்டெல்லா மரக்காய்களை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். "குட்த்துட்டா, அப்பறம் அவன் வர்றதுக்கு இங்க இன்னா கீது?" என்றாள். அந்த அறையில் அத்தனை ஞாயிறுகள் உட்கார்ந்திருந்தும் எனக்கு அன்றுதான் விஷயம் உறைத்தது.

இரண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை. இரண்டு வருஷம் மூன்றாயிற்று. முன்வரிசையும் போய், ஸ்டெல்லா வீடு கடலைப் பார்த்த முதல் வீடாயிற்று. அதிகாரிகள் கதவில் சிவப்பு எண் எழுதினார்கள். எர்ணாவூரில் மாற்று வீடு ஒதுக்கினார்கள். அந்த வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா தினமும் சண்டை போட்டார். ஸ்டெல்லா நகரவில்லை. "இந்த அட்ரஸ்தான் அவன்கிட்ட கீது" என்றாள். நான் எப்போதாவது போவேன். புத்தகத்தைத் திறந்தால் பக்கங்களில் உப்பு நறநறக்கும். இருவர் ஆடும் ஆட்டமில்லை அது. டப்பாவை எடுக்காமலே பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவேன்.

டில்லி நான்காம் வருஷம் ஆவணியில் வந்தான். ஞாயிறு, மூன்று மணி. அவன் வருவதை முதல் நாளே ஸ்டெல்லா எனக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். அவன்மேல் அத்தர் வாசனை. சதை போட்டிருந்தான். ஸ்டெல்லா புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மலையும் ஏறவில்லை, டப்பாவும் குலுக்கவில்லை. 'தலைக்கவசம். அணிந்தவனுக்கு, எத்தனை இருட்டிலும், வீடு இருக்கும் திசை தெரியும்.'

அவன் படித்தான், ஒரு தடவை. "நல்லாக்கீது" என்றான். தாளைப் பெஞ்சில் வைத்து, பறக்காமலிருக்கக் காபி டம்ளரை அதன்மேல் வைத்தான்.

மற்ற ஆறும் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பாஸ் மாத்தறப்ப எங்கியோ பூட்ச்சி மாமு."

பிறகு மீஞ்சூரில் வாங்கிய மனையைப் பற்றிப் பேசினான். பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்தான். "பொண்ணு மீஞ்சூர்தான். ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்." எழுந்துபோய் அம்மாவுக்கும் தனியாகச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அவன் போனபிறகு, பெஞ்சில் சிந்தியிருந்த காபியை அம்மா அந்தத் தாளால் துடைத்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஸ்டெல்லா தடுக்கவில்லை.

இப்போது அங்கே குப்பமும் இல்லை, தெருவும் இல்லை. கற்கள், அப்புறம் சாலை. டில்லி வேலை பார்த்த தொழிற்சாலையைப் பிரித்து விற்றுவிட்டார்கள். எர்ணாவூரில் ஒருமுறை விசாரித்தேன். அவர்களுக்கு ஒதுக்கிய வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

டில்லி வந்துபோன அடுத்த வியாழக்கிழமை ஸ்டெல்லாவும் அம்மாவும் வீட்டைக் காலி செய்தார்கள். அந்த வருஷம் கடல் அந்த வரிசைக்கு வரவில்லை.