அக்காவின் எம்.எஸ்சி.க்கு நான் இலை பிடித்த கதை

எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்குத் தம்பி தங்கையாகப் பிறந்தவர்களே, புராஜெக்ட் எடுபிடி என்கிற இந்த உத்தியோகத்தைப் பற்றி நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதுதான் நான் செய்த குற்றம்.

தோட்டத்தில்

காப்பி இலையைப் போட்டோ எடுத்துக் காட்டினால், ஆரஞ்சுப் பொடியாகப் பூக்கும் துரு நோய் இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். இதுதான் ஜெசி அக்காவின் புராஜெக்ட். கைடு கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வருடம் டிகிரி கிடையாது. கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க இரண்டாயிரம் படம் வேண்டுமாம். எடுக்க வேண்டியது நான்!

மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் கேட்டுக்கொண்டுதான் நுழைந்தேன். நல்ல இலைகளை முன்பே எடுத்தாயிற்று. அன்றைக்குப் புள்ளி விழுந்த இலைகளாகத் தேடித் தேடி எடுத்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் ஓடி வந்தார். "ஏங்கண்ணு, இத்தாம்பெரிய தோட்டத்துல ஒரு நல்ல எலகூட உனக்குத் தெம்படலையா? மொதலாளிகிட்டக் காட்டி என்னைய ஊட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கறயா?"

பத்து நிமிஷ ஆராய்ச்சி

கண் எரிய எரிய படங்களை 'நோய்', 'நல்லது' என்று பிரித்துக்கொண்டிருந்தேன். ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்த பிரவீன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். அக்காவோடு படிக்கிறவன். அவனுக்கும் இதே தலைப்புதான். படங்களை நெட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இறக்கிவிட்டானாம். கற்றுக்கொடுத்த படங்களையே சோதனைக்கும் வைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று காட்டியிருக்கிறான்.

கேள்வித்தாளை முன்னாடியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் நானும்தான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். காப்பியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "மார்க்கு வந்தாப் பத்தாதா சாமி? எல எந்தத் தோட்டத்துதுன்னு எவன் கேக்கப் போறான்?"

கையெழுத்து

எவனும் கேட்கவில்லைதான். பிரவீனுக்கு உடனே கையெழுத்து. கற்றுக்கொடுக்காத படங்களை வைத்துச் சோதித்ததில் அக்காவுக்கு வந்த எண்பத்தொன்றைப் பார்த்ததும் கைடு ரிப்போர்ட்டைத் தள்ளிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் துரு பிடித்த இலைகள் பத்தை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு அக்காவோடு சேலத்தில் அவள் காலேஜுக்குப் போனேன். கைடு மேஜையில் கொட்டினேன். "ரெண்டு பேரோடதுலயும் இதைப் போட்டுப் பாருங்க சார்." பிரவீனும் அங்கேதான் நின்றான். அக்காவின் புரோகிராம் எட்டு இலையில் 'நோய்' என்றது. அவனுடையது பத்தையும் 'நல்லது' என்றது. மேஜையெல்லாம் உதிர்ந்து கிடந்த ஆரஞ்சுப் பொடியைத் துடைத்துவிட்டு, கைடு பேனாவை எடுத்தார். "செரிம்மா ஜெசி, போட்டுத் தர்றேன். ரிப்போர்ட்டுல மட்டும் தொண்ணூத்தொம்பதுன்னு மாத்திக்க, பாக்கறவங்களுக்கு நல்லாருக்கும்."

அக்கா மாற்றவில்லை, எண்பத்தொன்றுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் ஒரே பேனாவில் கையெழுத்து விழுந்து, இப்போது இரண்டு பேருமே எம்.எஸ்சி.