கூடவே வந்த பழவாசம்

எனக்குச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து நானே ஒரு வைத்தியனாகிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பலெர்மோவில் தமிழர் வீட்டுப் பிறந்தநாள் என்றால், கேக் வெட்டி முடிந்ததும் என் சட்டைப்பையிலிருந்து சீனி பார்க்கும் மெஷின் வெளியே வரும். சனம் வரிசையாக விரல் நீட்டும். "டொக்டர் வந்திட்டார், கேக்கை ஒளியுங்கோ" என்பாள் மனைவி.

போன வருடக் கோடை. நானும் கானா நாட்டு நண்பர் ஒருவரும் வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்தோம். இத்தாலியனில்தான் கதைப்போம். ஆனால் எங்கள் ஆட்களிடம் பொறுக்கிய ஒரே தமிழ்ச் சொல்லால் என்னை 'அண்ணை' என்பார். கிறிஸ்மஸுக்கு ஊருக்கே திரும்பி, மனைவி பிள்ளைகளோடு கோழிப்பண்ணை போடுவது அவருடைய திட்டம்.

அந்தக் கோடையில் ஆள் மளமளவென்று மெலிந்தார். என் தொந்தியைத் தடவியபடி பொறாமைப்பட்டேன். எந்நேரமும் தாகம் என்றார். வெயில்தானே என்று தினமும் பெரிய போத்தல் ஒரேஞ் சோடா வாங்கிக் கொடுத்தேன். எனக்குத்தான் கூடாது, குடிப்பவரைப் பார்த்தாவது ஆறலாமே. மெஷின் அப்போதும் சட்டைப்பையில்தான் இருந்தது. சீனி வருத்தம் எங்கள் சனத்தின் சொத்து என்ற நினைப்பு எனக்கு.

ஒரு மத்தியானம் கபோ சந்தைக்குள்ளால் நடந்து வந்தோம். அவர் மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டார். கனிந்து அழுகும் பழவாசம் அடித்தது. பீச் பழக்கடை என்று நினைத்தேன். சந்தை முடிந்தது, வாசம் முடியவில்லை. வியா மக்வேதா வரை கூடவே வந்தது. அது அவருடைய மூச்சு! அப்படியே சுவரோடு சரிந்தார். மெஷினை எடுத்து அவர் விரலைக் குத்தினேன். மெஷினுக்கு எண்ணவே முடியவில்லை. எல்லை தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. அம்புலன்ஸுக்கு நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

இரத்தத்தில் கீற்றோன் சேர்ந்து அமிலமாகிவிட்டது, பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றார் ஆஸ்பத்திரி டொக்டர் அம்மா. நண்பர் கண் திறந்து கதைக்கத் தொடங்கியதும் நான் சும்மா இருந்தேனா? கீற்றோன் வந்தால் அது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வகை நீரிழிவு, ஆயுள் முழுக்க இன்சுலின்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். எங்கோ வாசித்திருந்தேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "எங்கடை ஊரிலை பிரிட்ஜும் இல்லை, கரண்டும் நிக்காது அண்ணை. இன்சுலினை எங்கை வைக்கிறது? அப்ப நான் இனிப் போகேலாது, என்ன?"

பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் நானும் கூடப் போனேன். ஊசி மருந்து குறைந்தது. இன்னும் குறைந்தது. குளிர் தொடங்கியபோது டொக்டர் அம்மா அதை நிறுத்தியே விட்டார், குளிசை போதும் என்று! ஆபிரிக்க மக்களில் சிலருக்கு இரண்டாம் வகை நீரிழிவே இப்படிக் கீற்றோனோடு பாய்ந்து வருமாம். இன்சுலினால் சீனியை அடக்கினால், களைத்துக் கிடந்த கணையம் திரும்ப எழும்புமாம். மறுபடியும் வரலாம், கவனம் என்றார். அது என் காதில் சரியாக ஏறவில்லை. நண்பரைக் கட்டிப்பிடித்துத் துள்ளிக்கொண்டிருந்தேன். தாதி வந்து அதட்டினாள்.

அவர் ஊருக்குப் போகும்போது மெஷினைக் கையில் கொடுத்தனுப்பினேன். என் வாசிப்புக்குத் தெரியாததை என் மூக்கு கண்டுபிடித்த அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. போன மாதம் போனில், உம்மைக் காப்பாற்றிய தமிழனைப் பற்றி வீட்டில் சொன்னீரா என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, எல்லாம் சொன்னனான். மனுசி ஒண்டுதான் கேட்டவ, அந்தச் சோடாவை ஆர் வாங்கித் தந்தது எண்டு."