பிஞ்சில்லாத பூ

பச்சையம்மாள் அக்கா செத்துப்போன செய்தியை அவள் தம்பி கரையாம்புத்தூரிலிருந்து வந்து சொன்னபோது, நான் எங்கள் வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் படுத்த மனிதர். அக்கா அவருக்கு மூத்த தாரம், நான் இளைய தாரம். செய்தியைக் கேட்டார், வாயில் இருந்ததை விழுங்கினார். வேறொன்றும் இல்லை.

அதனால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கிருமாம்பாக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அவளை மலடி என்று கூப்பிட்ட வாய்களும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பிள்ளை இல்லை என்றுதான் அவள் இருக்கும்போதே என்னைக் கட்டினார். அந்த வருஷம் கரும்புக்கு நடுவே ஒரு துண்டு நிலத்தில் பரங்கி போட்டிருந்தார்கள். பரங்கிக் கொடியில் இரண்டு விதமாகப் பூக்கும். ஒன்றின் அடியில் குண்டாகப் பிஞ்சு இருக்கும். மற்றது வெறும் நீளக் காம்பு. காம்புப் பூ கொடியின் சத்தைத் தின்கிறதாம், மாமியார் கண்டுபிடித்தது. கிள்ளும் வேலையை அக்காவுக்குக் கொடுத்தாள்.

"பூக்குது, காய்க்கல. உன்னாட்டந்தான். நீயே கிள்ளிப் போடு."

விடியலில் பூ விரியும் முன்னே போய் அக்கா ஒன்று விடாமல் கிள்ளினாள். களை பறிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். பிஞ்செல்லாம் மஞ்சளாகி வெம்பி விழுந்தது. ஒரு காய் தேறவில்லை. மலடி கை பட்டதுதான் காரணம் என்றாள் மாமியார். இவர் கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி அந்தக் கையில் சூடு வைத்தார். அன்றே அக்காவை மாட்டுக்கொட்டகைக்குத் துரத்தினார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியில் தானாக ஒரு பரங்கி முளைத்தது. கிள்ள ஆளில்லை, குடம் குடமாகக் காய்த்தது. கஞ்சி கொண்டுபோன என்னிடம், மஞ்சள் பொடி பூசிக்கொண்டு பூவிலிருந்து பூவுக்குப் போன வண்டை அக்கா காட்டினாள்.

"இந்தப் பொடி போயி ஒட்னாத்தான்டி பிஞ்சு நிக்கும். ஒரு பூவுக்குத் துணி கட்டி வெச்சேன், வண்டு போவல, வெம்பிப்போச்சி. நாம கிள்ளிப் போட்டதெல்லாம் ஆம்பளப் பூ."

"அத்தைகிட்ட சொல்லேன்கா."

"இன்னொரு கையிலயும் சூடு வெப்பாங்க. இருக்கட்டும்."

எனக்கும் வயிறு திறக்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பார்த்தார். அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தது. அந்த எல்லைக்குள் கதை தெரிந்துவிடும் என்று இங்கிலீஷ்காரன் பக்கத்துக் கிராமத்தில் தேடினார். அவள் வந்தால் எனக்கும் கொட்டகைதான். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். தாம்பூலம் மாற்றும் நேரத்தில் அக்கா சாணிக் கையோடு உள்ளே வந்து, தட்டில் இரண்டு வெம்பிய பிஞ்சுகளை வைத்தாள்.

"பெரியவரே, இது நானு, இது அவ. ஆம்பளப் பூ இல்லாத கொடியில பிஞ்சு நிக்காது. மூணாவதா உங்க பொண்ணையும் இதுல வெக்கறீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வந்தவர் வெற்றிலையைத் தொடாமல் எழுந்துவிட்டார். இவர் அக்காவின் மயிரைப் பிடித்துத் தெருவரை இழுத்துக்கொண்டு போனார். கையில் ஒரு கொத்து பிய்ந்து வந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இனிமே ஒன்ன எவனும் மலடின்னு சொல்லமாட்டான். இருந்துக்க."

எவனும் சொல்லவில்லை. அவருக்கும் அதன்பிறகு பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அக்கா தம்பி வீட்டில் ஏச்சுக் கஞ்சி குடித்தே செத்தாள். என் இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். எனக்கு அது ஆறாது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த எருக்குழிக் கொடியின் விதை. வருஷம் தவறாமல் போடுகிறேன். காம்புப் பூ ஒன்றைக்கூட யாரையும் கிள்ள விடுவதில்லை. காய்த்ததை இவருக்குத்தான் சமைக்கிறேன். எந்தக் கொடி என்று அவருக்குத் தெரியும். தலையைத் திருப்ப முடியாது, வாயைத் திறக்கிறார். செய்தி வந்தபோது அவர் விழுங்கியதும் அதுதான்.