கடல் தாண்டிப் போன கிணற்றுத் தண்ணீர்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நான் முதல் பலனாகக் கொண்டுபோனது ஒரு கூடை குட்டி வெள்ளரி. கெர்கின் என்பார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பூசணிக்காய் போனது, வாழைத்தார் போனது, கால் கட்டிய சேவல்கூடப் போனது. என் கூடையைத் தூக்கிக் காட்டியபோது யாரும் வாய் திறக்கவில்லை.

"இத வாங்கினு போயி இன்னா பண்றது? குழம்பு வெக்கறதா, பொரியல் பண்றதா?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"வெள்ளக்காரன் ரொட்டி நடுவுல வெச்சுத் தின்றதும்மா. நம்ம வயித்துக்கு ஆவாது" என்றார் ஏலம் விட்டவர்.

கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசியில் என் கூடையை நானே ஏலம் கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஊரில் யாருக்கும் வேண்டாத காய்க்கு ஊர்த் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கம். தோல் ஷாப் என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தில் இறங்கி, சுற்றுப்பட்டுக் கிணறுகளெல்லாம் உப்பாகிப் பல வருடம் ஆகிறது. எங்கள் நிலத்துக் கிணறு மேட்டுப் பக்கம் இருந்ததால் தப்பியது. தெருவே அதில்தான் குடிதண்ணீர் எடுத்தது. ஆண்டவர் என்னை நம்பி ஒப்படைத்தது அது என்றுதான் நினைத்திருந்தேன். எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவை நாங்களும் ஆபா என்றே கூப்பிடுவோம்; ரம்ஜான் மாதம் முழுக்க அவர் அந்தத் தண்ணீரில்தான் நோன்பு திறப்பார். "பேரீச்சம்பழத்தவிட உங்க கிணத்துத் தண்ணிதான்டி இனிப்பு" என்பார்.

வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில் வேலை. நிலம் என் பொறுப்பு. வெள்ளரி கம்பெனி ஆள் வந்து விதை, உரம், மருந்து எல்லாம் தாங்களே தருவதாகச் சொன்னார். "மழை கம்மியான பூமிதாம்மா இதுக்கு நல்லது, நோய் வராது. தண்ணி மட்டும் நீங்க பாத்துக்கங்க." எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தண்ணீர்தான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் பருத்துவிடும். பருத்ததை எடுக்க மாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் வளைந்துவிடும். வளைந்ததையும் எடுக்க மாட்டார்கள். அதனால் மோட்டார் நிற்கவே இல்லை. தை மாதமே கிணற்றில் அடி தெரிந்தது. உள்ளேயே போர் இறக்கினோம். தண்ணீர் பீறிட்டு வந்தது. சேற்றிலேயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ரம்ஜான் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் ஆபா டம்ளரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் குடிச்சுப் பாரு."

"இன்னா ஆபா, நோன்பு தொறக்கற நேரத்துல?"

"நீ குடி. நாள் பூரா காஞ்ச நாக்கு, எனக்குத்தான் அப்டித் தெரியுதோ இன்னாவோ."

குடித்தேன். உப்பு. தோல் ஷாப் பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் அதே உப்பு. இத்தனை வருடமாக எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்த கெட்ட தண்ணீரை, நல்லதையெல்லாம் உறிஞ்சி எடுத்து, நானே உள்ளே வரவழைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து ஒரு வாய் குடித்தார், துப்பினார். "இனிமே தோல் ஷாப்காரனத் திட்டறதுக்கு நமக்கு வாயில்ல" என்றார்.

மறுநாளே கொடிகளைப் பிடுங்கிப் போட்டேன். மோட்டாரை நிறுத்தினேன். போன ருசி திரும்பவில்லை. கம்பெனி வண்டி இப்போது அடுத்த ஊருக்குப் போகிறது. அந்தக் காயைப் பீப்பாயில் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றித்தான் கப்பலேற்றுவார்களாம்.

ஆபா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரமே வழக்கம்போல நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "கேன் தண்ணில காய்ச்சினது, பயப்படாம குடிங்க" என்றார்.

சாப்பிடும் முன் ஜெபிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கண்ணை மூடினேன். ஆகாரத்துக்காகவும் தண்ணீருக்காகவும் நன்றி சொல்லும், சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் ஜெபம். ஆகாரம்வரை சொன்னேன். அதற்குமேல் நாக்கு எழும்பவில்லை. வீட்டுக்காரரே ஆமென் சொன்னார்.