செட் மாத்திரை

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அரியலூரில் ஒரு வாடகை வீடு, அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை, அவ்வளவுதான். கை கால் நன்றாக இருக்கிறவரைக்கும் யார் தயவும் வேண்டாம் என்று ஜம்பமாகத் திரிந்தவள் நான்.

தெருமுனை மருந்துக்கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பொங்கலுக்கு என் வாசலில் ஒரு கட்டுக் கரும்பு வைத்துவிட்டுப் போவார். நாற்பத்தைந்து வயதில் மூட்டுவலி வந்தபோது டாக்டரை விட்டுவிட்டு அவரிடம்தான் போனேன். எங்கள் பக்கத்தில் வலிக்கு யாரும் மருந்தின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஒரு செட் குடுங்க" என்றால் போதும், நாலைந்து டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். அண்ணன் தந்த செட்டில் மிளகளவில் ஒரு வெள்ளை மாத்திரை இருக்கும். அதைப் போட்டால் வலி போன இடம் தெரியாது.

"தெனம் போட்டா ஒண்ணும் ஆவாதாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அட நீ ஒண்ணும்மா. சுண்ணாம்புக்கல்லு மேல உக்காந்திருக்குற ஊரு. நம்ம தண்ணியக் குடிச்சவங்களுக்கு எலும்பு தேயுமா?" என்று சிரித்தார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் வீட்டுக் குடத்தின் அடியில் படிகிற வெள்ளையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அத்தனையும் என் எலும்புக்குள் போகிறது என்று நம்பினேன். படித்தவள்தான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஏழு வருடம் அப்படிப் போனது. போன மாசியில் பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் பிரேக் போட்டார். யாரும் விழவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

திருச்சியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார். பால்? வரக்காப்பிதான். நடை? தெருமுனைக்கே ஸ்கூட்டிதான். வெயில்? லாரித் தூசுக்குப் பயந்து முகத்தையும் கையையும் மூடிக்கொண்டுதான் போவேன். எல்லாவற்றுக்கும் அவர் உதட்டைப் பிதுக்கினார். மாத்திரை ஏதாவது உண்டா என்றதும் கைப்பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன். இதிலாவது ஒழுங்காக இருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

அவர் பேனா முனையால் அந்த வெள்ளை மாத்திரையைத் தனியாக ஒதுக்கினார்.

"இது ஸ்டீராய்டும்மா. மத்த பழக்கமெல்லாம் எலும்பக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கும். இது இத்தன வருசமா உள்ளயே அரிச்சிருக்கு. முதுகெலும்புலயும் ஒண்ணு நசுங்கியிருக்கு. இனிமே குனிஞ்சு குடம் தூக்காதீங்க. இந்த மாத்திரையச் சட்டுன்னு நிறுத்தவும் கூடாது, நான் சொல்றபடி கொறச்சுட்டு வரணும்."

இன்னதென்று தெரிந்த பிறகும் அதைத் தினமும் விழுங்க வேண்டும்.

கட்டுப் போட்ட கையோடு நேராகக் கடைக்குப் போனேன். "தெரிஞ்சுதான் குடுத்தீங்களாண்ணே?"

"ஊரே வாங்கிட்டுப் போவுது. வலி நிக்கணும்னு நீதானம்மா கேட்ட?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கேட்டது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. பாவம், அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று அப்போதும் மனசு அவருக்காக வக்காலத்து வாங்கியது. வீட்டுக்கு வந்து, குடத்தைத் தூக்க முடியாமல் அதன் முன்னால் நின்றபோதுதான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடம் இருக்கும். நான் கடையில் நிற்கும்போது அவர் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார். "எனக்கும் இவங்களுக்குக் குடுக்குற மாதிரி ஒரு செட் குடுங்களேன்" என்று என் கவருக்குக் கை நீட்டினார். அண்ணன் வெடுக்கென்று அதை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் உனக்கு வேணாம். காலையில திருச்சிக்குப் போயி நல்ல டாக்டரா பாத்துடுவோம்."

சொல்லிவிட்டுக் கவரை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க கொடுத்து வச்சவங்க அண்ணி" என்று மனசாரச் சொன்னேன். அந்த வெள்ளை மாத்திரையை அங்கேயே பிரித்து வாயில் போட்டேன். அண்ணன்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.