போதும் என்றவனுக்கு நீட்டிய தூக்கு

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷம் இருக்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த திடலில் வெளியூர்க்காரன் ஒருத்தன் வட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழு நாள் கால் தரையில் படாமல் ஓட்டினால் ஊர்க்காரர்கள் புதுச் சைக்கிள் தருவதாகப் பேச்சு. குளியலும் சாப்பாடும் சைக்கிள் மேலேயேதான்.

ஆறு நாளும் கஞ்சியும் மோரும்தான் குடித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் தூக்கு நிறையச் சோறும் வஞ்சிரக் குழம்பும் போட்டு, மேலே நாலு வறுவல் துண்டும் வைத்து நீட்டினேன்.

"வேணாக்கா, கஞ்சியே போதும்."

"எங்க ஊருக்கு வந்துட்டு வெறுங்கஞ்சியா குடிக்கிறது? சாப்புடு தம்பி!"

அவன் சுற்றிச் சுற்றி வந்தான். நானும் விடாமல் நீட்டினேன். ஐந்தாவது சுற்றில் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டி, ஒரு கையால் சாப்பிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், வலி கேட்கவில்லை. சாயங்காலம் வரை தாங்கினால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் வெளுத்த முகத்தோடு என்னைக் கடந்து போனான். திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நிற்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்? கடைசியில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் புதர்ப் பக்கம் ஓடினான். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது.

ஊரை விட்டுப் போகுமுன் கழுவின தூக்கோடு என் வாசலில் வந்து நின்றான்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா."

அன்றிலிருந்து யாராவது போதும் என்றால் என் கரண்டி அங்கேயே நின்றுவிடும். உபசாரம் தெரியாதவள் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும்.