அப்பா நடக்காத ஞாயிறு

என் மாமா செய்த உதவிகளை ஊரே அறியும். ஊர் அறியாமல் அவர் எதையும் செய்ததில்லை. அம்மாவுக்கு மூத்த அண்ணன் அவர். எங்கள் தேவாலயச் சபையின் ஊழியக் குழுவுக்குத் தலைவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய வெள்ளை வேன்தான். அதன் இரண்டு பக்கமும் 'அன்பின் ஊழியம்' என்று சிவப்பில் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டிருந்தார். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வேன் இல்லையென்றால் என் அப்பா பிழைத்திருக்க மாட்டார்.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயதான வருஷம், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் குளியலறையிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் அன்றைக்குப் பார்த்து லிப்ட் வேலை செய்யவில்லை. மாமாதான் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கினார். பிறகும் முதல் சில மாதங்கள் வாராவாரம் பயிற்சிக்கு அழைத்துப்போய், காத்திருந்து கூட்டிவந்தார். அப்பா இனி எழுந்திருக்க மாட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்ட அந்த நாட்களில், பட்டர்வொர்த்தில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு வசதிக்காரரைப் பிடித்து, சக்கர நாற்காலி ஒன்றுக்கும் சொல்லி வைத்தார்.

டத்தோ ஆற அமரத்தான் கொடுப்பார் போலிருக்கிறது. நாற்காலி வருவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

தினமும் சாயங்காலம் எங்கள் மாடியின் நடைபாதையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்து பழகினார். இடது காலைத் தூக்கி வைக்க முடியாது. இழுத்து இழுத்துத்தான் கொண்டுவருவார். நான் கூடவே போவேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, அவர் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று, வாசலிலிருந்த செருப்பு அடுக்கைத் தன் வீட்டுக்குள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. எல்லோரும் வரிசையாகப் பீடத்துக்குப் போய் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்குவார்கள். அப்பாவுக்கு மட்டும் போதகர் இறங்கி வந்து, உட்கார்ந்த இடத்திலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். வருகிற முதல் ஞாயிறு தானே நடந்துபோய் வாங்குவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மண்டியிடுவதற்குக்கூடக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பழகினார். அம்மா பாசார் சந்தையில் அவர் காலுக்கு ஒட்டுப்பட்டை வைத்த கறுப்புச் சப்பாத்து வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை மதியம் மாமா வந்தார். நாற்காலி வந்துவிட்டதாம். மறுநாள் ஆராதனைக்கு டத்தோவே வந்து தன் கையால் கொடுக்கப்போகிறாராம். அப்பா சிரித்தார். எழுந்து, தடியை ஊன்றி, சோபாவிலிருந்து சன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பினார். மாமா கைதட்டினார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அப்புறம் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ரொம்ப சந்தோசம் மாப்ள. ஆனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் நடக்க வேணாம்.”

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்துவிட்டாள். மாமா விளக்கினார். எழுந்திருக்கவே முடியாத மனிதர் என்றல்லவா டத்தோவிடம் சொல்லியிருக்கிறது, இப்போது அவர் கண் முன்னாலேயே நடந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைக்க மாட்டாரா, ஜெலுத்தோங்கில் கால் எடுத்த ஒருவரும் இன்னும் சிலரும் காத்திருக்கிறார்களே, அப்புறம் அவர்களுக்கு யார் கொடுப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். இந்த ஒரு நாளுக்காகத்தான் இவர் மாதக்கணக்கில் செத்துப் பிழைத்தார் என்று அம்மா குரலை உயர்த்தினாள். மாமா அவளைப் பார்க்கவில்லை.

“எனக்காகக் கேக்கல மாப்ள. நாற்காலி இல்லாம கெடக்கிறாங்களே, அவங்களுக்காகக் கேக்கறேன். இதுவும் ஊழியம்தான் லா.”

மாமா தனக்கென்று எதையும் கேட்டதே இல்லை. அதனால்தான் 'முடியாது' என்று அவரிடம் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. அம்மா மறுபடியும் வாயைத் திறந்தபோது அப்பா வலது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

“சரி மச்சான்” என்றார்.

மறுநாள் ஆலய வாசலில் சபை இளைஞர்கள் இரண்டு பேர் அப்பாவை வேனிலிருந்து தூக்கிவந்து நாற்காலியில் வைத்தார்கள். நாற்காலியின் கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது. புதுச் சப்பாத்துகள் இரண்டும் கால்மிதியில் அசையாமல் இருந்தன. மாமா மைக்கைப் பிடித்து, படுத்த படுக்கையாய்க் கிடந்த மனிதருக்கு ஆண்டவர் ஒரு வழி திறந்த கதையைச் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அவர் நடித்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன்.

டத்தோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மகள் தள்ளட்டும் என்று யாரோ சொல்ல, நான் என் நீலக் கவுனோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடுவழியே போனேன். எல்லோரும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பிறகு திருவிருந்து நடந்தது. ஒவ்வொரு வரிசையாக எழுந்துபோய் மண்டியிட்டார்கள். போதகர் அப்பாவிடம் இறங்கி வந்தார். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே வாங்கினார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மட்டும் என்றார் மாமா. ஆனால் அந்த ஒரு நாளைப் பார்த்தவர்கள் எங்கள் அடுக்குமாடியிலும் குடியிருந்தார்கள். அப்பா நடைபாதையில் தடியோடு நிற்பதைக் கண்டு ஒருவர் மாமாவிடம் கேட்டுவிட்டாராம். கொஞ்ச நாளைக்கு வெளியே நடக்க வேண்டாமே என்று மாமா வந்து சொன்னார். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். எங்கள் வீட்டில் நடக்க எங்கே இடம்? மெல்ல மெல்ல அதையும் விட்டுவிட்டார். கால் விறைத்துப்போயிற்று. ஏன் இப்படி விட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவைத்தான் திட்டினார்கள். காத்திருந்தவர்களுக்கு நாற்காலிகள் வராமலில்லை. ஜெலுத்தோங்கு மனிதர் அதில் உட்கார்ந்துதான் பேரன் கல்யாணத்தைப் பார்த்தார் என்று மாமா சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். மாமாவை வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று எங்களுக்கு.

நடப்பதை நிறுத்திய புதிதில் ஒரு ஞாயிறு, ஆலயத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, இனிமேல் நடக்கவே மாட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இப்ப நடந்தா உங்க மாமா பொய் சொன்னவரா ஆயிடுவாரும்மா. இந்த ஊழியத்த விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?”

நடக்கிறவருக்கு நடக்க என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. நாற்காலியைத் தள்ளும் வேலை என்னைவிட்டுப் போகாது என்பது மட்டும் விளங்கியது. வாசலில் நின்ற பெண்கள் என் கன்னத்தைத் தட்டி, இந்த வயசிலேயே எப்பேர்ப்பட்ட ஊழியம் செய்கிறாள் பாருங்கள் என்றார்கள். அந்த ஊழியத்தைச் செய்வது நான்தான் என்று அப்போது நானும் நம்பினேன்.